சியான் கோட்டைச் சுவரும் அதன் காலடிப் பூங்காவும்: ஒரு நாளில் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

சீனாவின் சியான் நகருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டைச் சுவருக்கு இரண்டு மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். காலையில் சுடுமண் வீரர்கள், மதியம் பகோடா, சாயங்காலம் சுவர் மேல் ஏறி நாலு படம், அப்புறம் சாப்பாடு. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். மேலே நின்று கீழே எட்டிப் பார்த்தபோதுதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம் என்று உறைத்தது. சுவருக்கும் அகழிக்கும் நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா நீளமாக ஓடுகிறது. ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். மேலே இருந்தது நாங்கள், வெளியூர்க்காரர்கள் மட்டும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் மாறியிருக்கும். காலையில் கீழே, சாயங்காலம் மேலே. நடுவில் வெயிலுக்கு ஒதுங்க ஓரிடம். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

இப்போது நிற்கும் சுவர் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் காலத்தில், 1370களில் எழுந்தது. சுற்றளவு 13.7 கிலோமீட்டர். உயரம் 12 மீட்டர். அடிப்பகுதி 15 முதல் 18 மீட்டர் அகலம், உச்சி 12 முதல் 14 மீட்டர் அகலம். அதாவது உயரத்தைவிட அகலம் அதிகம். சுவர் என்று சொன்னாலும், மேலே போனால் அகலமான ஒரு தெருவில் நிற்பது போலத்தான் இருக்கும்.

உள்ளே இருப்பது செங்கல் அல்ல, மண். அடுக்கடுக்காக மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய மண். அடித்தளத்து மண்ணில் சுண்ணாம்பும் பசையரிசிக் கஞ்சியும் கலந்தார்கள் என்கிறார்கள். நம் ஊரில் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்தது மாதிரிதான்; கையில் கிடைத்ததை வைத்து மண்ணைக் கல்லாக்கியிருக்கிறார்கள். வெளிப்புறத்துக்குச் செங்கல் போர்த்தியது 1568இல்.

இருபதாம் நூற்றாண்டில் சுவர் பட்ட பாடு அதிகம். 1926இல் ஒரு படைத்தலைவன் நகரை எட்டு மாதம் முற்றுகையிட்டான். சுவர் தாங்கிவிட்டது, உள்ளே இருந்தவர்கள் பசியில் செத்தார்கள். ஜப்பானியர் குண்டு போட்ட காலத்தில் மக்கள் இதே சுவரின் மண்ணைக் குடைந்து பதுங்கு குழிகள் அமைத்துக்கொண்டார்கள். 1950களில் இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. 1961இல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்ததால் பிழைத்தது. பிறகு 1983இல்தான் சுவர், மரங்கள், அகழி, சாலை நான்கையும் ஒன்றாகச் சீர்படுத்தும் பெரிய வேலை தொடங்கியது. நாம் பார்க்கப் போகும் பூங்கா அப்படி வந்தது. உள்ளூரில் அதன் பெயர் ஹுவான்செங் பூங்கா, நகரைச் சுற்றிய பூங்கா என்று பொருள்.

பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. சுவர் மேல் ஏறத்தான் சீட்டு.

முதல் படி: ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம்.

காசு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். அங்கே தெருவோரக் கடையில்கூடக் கைப்பேசியைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறார்கள். அலிபே போன்ற பணம் செலுத்தும் செயலி ஒன்றை ஊரிலேயே இறக்கி, உங்கள் சர்வதேச அட்டையை அதில் இணைத்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்து கொள்ளலாம் என்று விட்டால், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணுக்காக விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்க நேரும். கையிலும் கொஞ்சம் யுவான் நோட்டு இருக்கட்டும். கூகுள் அங்கே திறக்காது. அதனால் அமேப் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன்" என்பதைச் சீன எழுத்தில் ஒரு படமாகச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. வாயால் சொன்னால் நம் உச்சரிப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

எந்த மாதம் போவது? ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் நடுப்பகுதி. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் தேதியை ஒட்டிய நாட்களும் சீனாவில் பெரிய விடுமுறை. ஊரே சுவர் மேல் ஏறி நிற்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், மேலே ஒதுங்க நிழலே கிடையாது. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும். சீனப் புத்தாண்டில் சுவர் மேல் விளக்குத் திருவிழா நடக்கும். பார்க்க அழகுதான், கூட்டமும் கட்டணமும் கூடும்.

இரண்டாம் படி: தெற்கு வாசலுக்கு வந்து சேருவது

சுவரில் இப்போது 18 வாசல்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது தெற்கு வாசல், யோங்னிங்மன். மெட்ரோ இரண்டாம் தடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. அதிவேக ரயிலில் வந்து வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கினால் அதே தடத்தில் நேராக வந்துவிடலாம். விமானத்தில் வந்தால் 14ஆம் தடத்தில் வடக்கு ரயில் நிலையம் வந்து, அங்கே இரண்டாம் தடத்துக்கு மாறவும்.

தங்குவதற்கு இடம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல்: முடிந்தால் சுவருக்கு உள்ளே, தெற்கு வாசலுக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில் எடுங்கள். காலை ஏழு மணிக்குப் பூங்காவில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் திட்டமே, தொலைவில் தங்கினால் அது நடக்காது.

நான்கு திசைப் பெரிய வாசல்களின் பெயர்களைக் கவனியுங்கள். யோங்னிங் என்றால் நிலைத்த அமைதி. கிழக்கே சாங்ல, நீடித்த மகிழ்ச்சி. மேற்கே அந்திங், அமைதி நிலைபெறுதல். வடக்கே அன்யுவான், தொலைவில் இருப்போரை அமைதிப்படுத்துதல். அம்பு விடத் துளை வைத்துக் கட்டிய வாசல்களுக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

மூன்றாம் படி: காலை ஏழு மணி, பூங்காவுக்குள்

மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் சீட்டு வாங்கும் வரிசைக்குப் போகாதீர்கள். அகழியை ஒட்டிக் கீழே இறங்கி, சுவருக்கும் நீருக்கும் நடுவில் இருக்கும் பாதையைப் பிடித்து மேற்கே நடங்கள். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் அகழி. வழி தவற வாய்ப்பே இல்லை.

முதலில் காதில்தான் விழும். எங்கோ ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார் என்று தோன்றும். கிட்டே போனால், பத்துப் பதினைந்து பேர் மடக்கு நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தொடையில் சிறிய இரண்டு தந்தி வாத்தியத்தை நிறுத்தி வில் போட்டுக்கொண்டிருப்பார், ஒருவர் கையில் தட்டுக்கட்டை, நடுவில் ஒரு பாட்டி நின்று பாடிக்கொண்டிருப்பார். இது சின்சியாங், ஷான்சி என்ற இந்த மாகாணத்தின் கூத்து. மென்மை என்ற பேச்சே இதில் இல்லை. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனின் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். கூலிக்குப் பாடுகிறவர்கள் அல்ல. ஓய்வு பெற்றவர்கள், தினமும் கூடித் தங்களுக்காகப் பாடிக்கொள்கிறார்கள். ஓரமாக நின்று கேளுங்கள். படம் எடுக்கும் முன் கைப்பேசியைக் காட்டித் தலையசைத்துக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், சில நேரம் நாற்காலியும் நகர்ந்து வரும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் எழுத்து எழுதுகிற ஒரு பெரியவரைப் பார்க்கலாம். ஐந்தாவது எழுத்து முடிவதற்குள் முதல் எழுத்து காய்ந்து போயிருக்கும். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அப்புறம் சாட்டையால் அடித்துச் சுழற்றும் பெரிய பம்பரம், மெதுவாகக் கை நகரும் தைச்சி, மரக்காய்களை ஓங்கி அறைந்து விளையாடும் சீனச் சதுரங்கம். ஆடுகிறவர்கள் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர்கள் எட்டுப் பேர்.

இந்த நடையில் சுவரையும் பார்க்க மறக்காதீர்கள். கீழே நின்றால்தான் அதன் சரிவு தெரியும். நேர் செங்குத்தாக இல்லாமல் உள்நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது. சற்றுத் தூரத்துக்கு ஒரு முறை சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். அவைதான் கொத்தளங்கள், மொத்தம் 98. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 120 மீட்டர் இடைவெளி. இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. சுவரோடு ஒட்டி ஏணி போட வரும் எதிரியை நேர் மேலிருந்து எட்டிப் பார்த்து அடிக்க முடியாது, தலையை நீட்டினால் தலை போகும். கொத்தளத்தில் நின்றால் பக்கவாட்டில் அடிக்கலாம். இரண்டு பக்கமும் ஆளுக்கு 60 மீட்டர் பார்த்துக்கொண்டால் போதும், அம்புக்கு அது எளிதில் எட்டும் தூரம். இரண்டு கொத்தளங்களுக்கு நடுவில் புல்லில் ஒரு நிமிடம் நின்று இருபுறமும் நிமிர்ந்து பாருங்கள். மேலே ஏறினால் இது பிடிபடாது.

சியானின் நகர மலர் மாதுளைப்பூ. மே கடைசியில் போனால் பூ சிவப்பாகக் கண்ணில் படும்.

நான்காம் படி: ஹான்குவாங்மன், தவறவிடக் கூடாத இடம்

தெற்கு வாசலிலிருந்து ஆற அமர நடந்தால் அரை மணிக்குள் ஹான்குவாங்மன் என்ற வாசல் வந்துவிடும். இங்கே சுவரின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். எனக்கு மொத்தச் சுவரிலும் இதுதான் பிடித்த இடம்.

கேக்கை வெட்டி வைத்தது போல் சுவரின் குறுக்குவெட்டு உங்கள் முன்னால் நிற்கும். அடியில் சுயி, தாங் வம்சங்களின் காலத்து மண். அதன் மேல் தாங் கடைசிக் காலத்துப் பழுதுபார்ப்பு. அதற்கும் மேல் சோங், யுவான், பிறகு மிங், கடைசியில் நம் காலத்துச் செங்கல். கிட்டே குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு காலத்து மண்ணுக்கும் நிறம் வேறு, இடித்த அடுக்கின் தடிமன் வேறு. மிங் ஆட்கள் புதிதாகக் கட்டவில்லை, தெற்கிலும் மேற்கிலும் பழைய தாங் அரசு அலுவலக வளாகச் சுவரின் மேலேயே ஏற்றிக் கட்டினார்கள் என்பதை இங்கே கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நமக்கு இங்கே ஒரு உறவும் உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்த யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்துவிட்டு, 645இல் திரும்பி வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான், அப்போது பெயர் சாங்கான். மேலே தெரியும் கொத்தளமும் கோபுரமும் அவர் கண்ணில் பட்டிருக்க முடியாது, எல்லாம் அவருக்கு எழுநூறு ஆண்டுகள் பிந்தியவை. ஆனால் 582இல் அமைந்த இந்த வாசலின் அடித்தளம் அவர் காலத்தில் இங்கேதான் இருந்தது. காஞ்சியில் நடந்த கால் இந்த வாசலிலும் நடந்திருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி நினைத்துக்கொண்டு நிற்பதில் தவறில்லை.

அங்கிருந்து இன்னும் மேற்கே நடந்தால் தென்மேற்கு மூலை. மற்ற மூன்று மூலைகளும் சதுரம், இது மட்டும் வட்டம். பழைய நகரின் மூலையை அப்படியே வைத்துக்கொண்டதால் இப்படி என்பார்கள். வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

ஐந்தாம் படி: உச்சி வெயிலுக்கு ஒதுங்குவது

பதினொன்று முதல் மூன்று வரை சுவர் மேல் வேலை இல்லை. தெற்கு வாசலுக்கு உள்ளே, கிழக்குப் பக்கம், சூயுவான்மன் தெரு இருக்கிறது. தூரிகை, மை, காகிதம், முத்திரைக்கல் விற்கும் கடைகள். அதன் வழியே போனால் பேய்லின், அதாவது கல்வெட்டுக் காடு அருங்காட்சியகம். 837இல் கன்பூசிய நூல்களை முழுக்க முழுக்கக் கல்லில் வெட்டி வைத்த தொகுதி அங்கே இருக்கிறது. 781ஆம் ஆண்டுக் கிறிஸ்தவக் கல்வெட்டு ஒன்றும் உண்டு, அதில் சீன எழுத்தோடு சிரியாக் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. இதற்குத் தனிச் சீட்டு.

சாப்பாட்டுக்கு லியாங்பி எளிது. கரைத்த மாவை மெல்லிய தகடாக ஆவியில் அவித்து நாடாவாக வெட்டி, மிளகாய் எண்ணெயும் வினிகரும் ஊற்றித் தரும் குளிர்ந்த உணவு. பொதுவாக இறைச்சி சேராது. ஆனாலும் சேமித்து வைத்த படத்தைக் காட்டிவிட்டே வாங்குங்கள்.

ஆறாம் படி: சுவர் மேல் ஏறுவது

மூன்றரை, நான்கு மணிக்குத் தெற்கு வாசல். சீட்டு 54 யுவான். கடவுச்சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும், அதனால் அது விடுதியில் இருக்கக் கூடாது. ஒரு முறை கீழே இறங்கினால் அதே சீட்டில் மறுபடி ஏற முடியாது. ஆகவே கழிப்பறை, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். கைப்பையில் டிஷ்யூ காகிதம் இருக்கட்டும்.

ஏறும் முன் வாசலின் அமைப்பைப் பாருங்கள். பெரிய வாசல் ஒவ்வொன்றிலும் மூன்று கோபுரங்கள். வெளியே இருப்பது அகழிப் பாலத்தைத் தூக்கி இறக்கும் கோபுரம், அடுத்தது அம்புக் கோபுரம், உள்ளே தலைமைக் கோபுரம். இடையில் நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த முற்றம். அதற்குச் சீனத்தில் ஜாடி என்று அர்த்தம் வரும் பெயர். முதல் கதவை உடைத்து உள்ளே வந்த எதிரி ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பான். அடுத்த கதவு மூடியிருக்கும், நாலு பக்கமும் மேலிருந்து அம்பு. நம் மொழியில் சொன்னால் எலிப்பொறி. தெற்கு வாசல் அம்புக் கோபுரம் 1926 முற்றுகையில் அழிந்தது. இப்போது பார்ப்பது 2014இல் கட்டியது.

மேலே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஒருவர் ஓட்டுவது 45 யுவான், மூன்று மணி நேரம். இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளும் உண்டு, முன்பணம் கேட்பார்கள். எந்த வாடகை நிலையத்திலும் திருப்பிக் கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. பாதியில் கால் ஓய்ந்தால் அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிடலாம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சைக்கிள் தர வயது பார்ப்பார்கள். அவர்களுக்கு மின்வண்டி இருக்கிறது. மழை பெய்தால் சைக்கிள் தருவதில்லை.

வண்டியை எடுத்ததும் பிரேக், இருக்கை இரண்டையும் சோதியுங்கள். நான் அவசரத்தில் எடுத்த வண்டியின் இருக்கை ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு விரற்கடை கீழே இறங்கிக்கொண்டே போனது. வடக்கு வாசலை எட்டும்போது முழங்கால் தாடையில் இடித்தது. தரை முழுக்கச் செங்கல், மேடு பள்ளம். உடம்பு குலுங்கத்தான் செய்யும்.

ஏழாம் படி: எந்தப் பக்கமாகச் சுற்றுவது

தெற்கு வாசலில் இருந்து கிழக்கே திரும்புங்கள். பிறகு வடக்கு, அப்புறம் மேற்கு. கோயில் என்றால் இப்படி இடமாகச் சுற்றக் கூடாது என்று பாட்டி திட்டுவார். இது கோட்டைதானே, பரவாயில்லை. இப்படிப் போனால் மேற்குச் சுவருக்கு வரும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்.

கிளம்பியவுடன் வென்சாங்மன் வாசல் அருகே ஒரு சிறு கோபுரம் வரும். குய்சிங் கோபுரம், தேர்வில் வெற்றி தரும் தெய்வத்துக்கு உரியது. பக்கத்திலேயே பழைய கன்பூசியக் கோயிலும் பள்ளியும் இருந்ததால் போர்ச் சுவர் மேல் இதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

ஓட்டும்போது இரண்டு ஓரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளி ஓரத்தில் பல்வரிசை போல ஏற்ற இறக்கமான தடுப்பு, பழந்தமிழில் ஞாயில் என்பார்களே, அது. உள் ஓரத்தில் வெறும் தாழ்ந்த கைப்பிடிச் சுவர். காவலாளி தவறி விழாமல் இருக்க மட்டும். தரையும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மழைநீர் உள்ளே வழிந்து, சுவரோடு ஒட்டிய செங்கல் ஓடைகளில் இறங்கும். மண் சுவருக்கு மழையைவிடப் பெரிய எதிரி கிடையாது.

வடகிழக்குப் பகுதி சுமார்தான், கட்டடங்களும் ரயில் நிலையப் பரபரப்பும். வேகமாகக் கடந்துவிடலாம். அங்கே உள்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும் புரட்சிப் பூங்கா, 1926 முற்றுகையில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் அடுத்த ஆண்டு அமைந்தது. இன்னொரு நாள் நேரம் இருந்தால் போய் வாருங்கள்.

மேற்கு வாசலில் சைக்கிளை நிறுத்துங்கள். பட்டுப் பாதை இங்கேதான் தொடங்கியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தாங் காலத்து ஒட்டகங்கள் கிளம்பிய வாசல் இன்னும் மேற்கே, வெளி நகரத்தில் இருந்தது; அந்த நகரம் இப்போதைய சுவருக்குள் அடங்கும் பரப்பைப் போல ஏழு மடங்கு. ஆனால் சூரியன் இறங்கும் திசை அதுதான்.

நின்று பார்த்துக்கொண்டே போனால் முழுச் சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். தெற்கு வாசல்தான் மற்றவற்றைவிட அதிக நேரம் திறந்திருக்கும், அதனால் அங்கே திரும்பி வந்து இறங்குவதே நல்லது. விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு கோபுரத்தின் விளிம்புகள் மஞ்சளாகத் தெரியும்.

எட்டாம் படி: இரவு

இறங்கியதும் திரும்பவும் பூங்காவுக்குள் ஒரு எட்டுப் போய் வாருங்கள். காலையில் கூத்துப் பாடிய இடத்தில் இப்போது ஒலிபெருக்கி வைத்து வரிசையாக ஆடிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு மணிக்கூண்டைத் தாண்டி முஸ்லிம் தெருவுக்கு நடந்தே போகலாம். ரொட்டியைக் கையால் பிய்த்துப் போட்டு ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்றித் தரும் பாவ்மோ அங்கே பிரபலம். ரொட்டியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்க்க வேண்டும், பெரிதாகப் பிய்த்தால் குழம்பு ஊறாது. சைவக்காரர்களுக்கு ஜெங்காவ் இருக்கிறது: பசையரிசியும் சிவப்புச் சீன இலந்தைப் பழமும் பெரிய பானையில் அடுக்கடுக்காக அவித்தது. கெட்டிப்பட்டுப் போன அக்காரவடிசல் மாதிரி இருக்கும். கரண்டியால் வெட்டிச் சூடாகக் கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். அடிப்பகுதியில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், இலந்தைப் பழம் அங்கேதான் அதிகம் இறங்கியிருக்கும்.